வாராக் குரலும் காவற்கடிகையும்

புக்கிட் பாஞ்சாங் எல்.ஆர்.டி. தடம் 1999ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. சிங்கப்பூரில் முதன்முதலாக அமைந்த இலகு ரயில் தடம் இதுவே. சுவா சூ காங்கில் தொடங்கி, அடுக்குமாடி வீடுகளுக்கிடையே உயர்ந்த பாதையில் ஓடும் இவ்வண்டியில் ஓட்டுநர் இல்லை. ஓட்டுநர் மயங்கி விழுந்தால் அருகிலிருப்போர் கண்டு உதவக்கூடும். வண்டியை நடத்தும் கணிப்பொறி செயலற்றுப் போனால் அதனை யார் அறிவது? மக்களின் உயிரைக் கருவியின் பொறுப்பில் விடும் எல்லா அமைப்புகளும் விடை காண வேண்டிய வினா இது. அவ்விடையின் வரலாறோ கணிப்பொறிக்கு மிகவும் முற்பட்டது.

காவல் இருவகைப்படும். ஆபத்து வந்தவுடன் குரல் எழுப்புவது ஒருவகை. குறித்த நேரத்தில் வரவேண்டிய குரல் வாராவிடின், அந்த வாராமையையே ஆபத்தாகக் கொள்வது மற்றொரு வகை. முன்னதில் காவலன் உறங்கினால் காவலே இல்லை. பின்னதில் காவலனது உறக்கமும் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் வகைக் காவலுக்குக் காலக் கணக்கு இன்றியமையாதது. ‘வரவேண்டிய நேரம்’ என ஒன்று வரையறுக்கப்பட்டால்தான் வாராமை புலப்படும். பண்டைத் தமிழகத்தில் அக்கணக்கைப் பேணியோர் இருந்தனர். பாசறையில் நீர்வட்டில் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டில் காணலாம். ஒரு நாழிகை 24 நிமிடம். நாளொன்றுக்கு நாழிகை 60. நாழிகைக்குக் கடிகை என்பதும் பெயர். கடிகாரம் என்னும் சொல் அதனோடு உறவுடையது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் இரவுக் காவலாளியையே சோதிக்கும் கடிகாரங்கள் புழக்கத்திற்கு வந்தன. காவலாளி ஒவ்வோரிடமாகச் சென்று, அங்குள்ள சாவியைக் கடிகாரத்தில் இட்டுத் திருப்ப வேண்டும். திருப்பிய நேரம் தாளில் பதியும். பதிவு இல்லாத இடமே அவன் சுற்றிவராத இடம்.

இருப்புப்பாதையிலும் இக்கொள்கை வேரூன்றியது. 1903ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சிங்கப்பூர்–கிராஞ்சி இருப்புப்பாதை புக்கிட் பாஞ்சாங் வழியாகவே சென்றது. பின்னர் 1932இல் மாற்றியமைக்கப்பட்ட தடத்தில், புக்கிட் தீமா நிலையத்தில் அடையாளச் சாவி கைமாறும் வழக்கம் 2011ஆம் ஆண்டு ரயில் சேவை அங்கு நிற்கும்வரை இருந்தது. ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதிருக்க, சாவி கைக்கு வந்தபின்னரே ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். சாவி இல்லையேல் பயணமும் இல்லை. பல நாட்டு மின்வண்டிகளில் ஓட்டுநர் ஒரு கைப்பிடியை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். கை தளர்ந்தால் தடை தானே விழும்.

இக்கொள்கையின் கணிப்பொறி வடிவமே ‘வாட்ச்டாக் டைமர்’ எனப்படும் காவற்கடிகை. இது கணிப்பொறியின் நிரலைச் சாராது தனித்து இயங்கும் ஓர் எண்ணி. குறித்த எண்ணிலிருந்து சுழியத்தை நோக்கி எண்ணிக்கொண்டே இறங்கும். நிரல் நலமாக இயங்கினால், இடையிடையே எண்ணியை மீண்டும் தொடக்கத்திற்குக் கொண்டுவரும். நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் எண்ணி சுழியத்தை எட்டும். உடனே கணிப்பொறியை மறுதொடக்கம் செய்துவிடும்.

ஆயின் கருவி இருப்பது வேறு, காவல் இருப்பது வேறு. இதனை 1994ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று விளக்கும். அமெரிக்காவின் கிளெமெண்டைன் விண்கலம் சந்திரனை ஆராய்ந்து முடித்து, ஜியோகிராபோஸ் என்னும் சிறுகோளை நோக்கிச் செல்லவிருந்தது. மே 7ஆம் நாள் அதன் கணிப்பொறி தவறியது. உந்துபொறிகள் 11 நிமிடம் எரிந்தன. திருப்புதற்குரிய எரிபொருள் முற்றும் தீர்ந்தது. கலம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 முறை சுழலலாயிற்று. சிறுகோள் பயணம் கைவிடப்பட்டது. அக்கணிப்பொறியில் காவற்கடிகை இருந்தது. அதனைப் பயன்படுத்தும் நிரலோ எழுதப்படவில்லை. நாய் கட்டப்பட்டிருந்தது; அவிழ்த்துவிடுவார் இல்லை.

1997ஆம் ஆண்டு ஜூலை 4இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் இதற்கு மாறான சான்று. சில நாட்களில் அதன் கணிப்பொறி மீண்டும் மீண்டும் மறுதொடக்கமாயிற்று. முதன்மை குறைந்த பணியொன்று பொதுவளத்தைப் பிடித்துக்கொள்ள, முதன்மை மிக்க பணி அதற்காகக் காத்து நின்றது. இடைத்தரப் பணிகள் குறுக்கே புகுந்து காலம் கடத்தின. உரிய நேரத்தில் பணி முடியாததைக் காவல் கண்டு, ஒவ்வொரு முறையும் கலத்தை மீட்டது. அன்றைய ஆய்வில் ஒரு பகுதி இழப்பாயினும் கலம் பிழைத்தது. பூமியிலுள்ள பொறியாளர் அதே பிழையைத் தம் கூடத்தில் தோற்றுவித்து அறிந்து, திருத்தத்தை விண்வழியே அனுப்பினர்.

இவ்விரண்டினின்றும், இக்கருவியை அமைப்போர் கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படும். முதலாவது, காலவரை. அது மிகக் குறுகினால், தொடங்கி முடிவதற்கு முன்பே மறுதொடக்கம் நேர்ந்து, கணிப்பொறி ஓயாது சுழலும். மிக நீண்டால் மீட்பு காலங்கடந்து வரும். இரண்டாவது, எண்ணியைத் திருப்பும் உரிமை. எப்போதும் தானே ஓடும் ஒரு சிறு நிரலிடம் அதனை ஒப்படைத்தால், பெரும்பணி இறந்து கிடப்பினும் எண்ணி அமைதியுறும். இன்றியமையாப் பணிகள் அனைத்தும் நலம் என்று உறுதிப்பட்ட பின்னரே திருப்ப வேண்டும். மூன்றாவது, பதிவு. மறுதொடக்கம் எதனால் நேர்ந்தது என்று குறித்து வைக்காவிடின், நோய் மறைந்து மருந்து மட்டும் எஞ்சும்.

ஓட்டுநரற்ற வண்டி முதல் விண்கலம் வரை, ஆளில்லாக் கருவிகள் பெருகும் காலம் இது. நாழிகைக் கணக்கர் நீர்வட்டிலை நோக்கியிருந்த விழிப்பு இன்று சிலிக்கன் துண்டுக்குள் இடம் பெயர்ந்துள்ளது. ஆயினும் எந்தக் குரலை எதிர்பார்ப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, வாராவிடின் என் செய்வது என்னும் மூன்றையும் தீர்மானிப்போர் மனிதரே. அவை தீர்மானிக்கப்படாத இடத்தில் காவற்கடிகை வெறும் அணிகலனாகவே நின்றுவிடும்.