பஞ்சு மேல் விழுந்த பழி

போடிநாயக்கனூரில் அப்பாவுக்கு மெத்தைக் கடை. பங்குனி, சித்திரையில் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து இலவங்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உடைத்துக் காயப்போட்டுக் கொட்டை பிரிக்கிற அந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லார் புருவமும் நரைத்திருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். அப்பா கட்டமாட்டார். ஆனால் பத்து வருஷம் படுத்த மெத்தையை யாராவது பிரித்து அடிக்கக் கொண்டுவந்தால் மட்டும் துண்டைத் தேடுவார். "புதுப் பஞ்சு தொண்டையைத்தான் அரிக்கும் தாயி. பழசு நெஞ்சையே அடைக்கும்" என்பார்.

ஏழு வயதில் எனக்கு இழுப்பு வந்தது. மெத்தைக்காரர் மகளுக்கே பஞ்சு ஆகவில்லையாம் என்று பேச்சு கிளம்பியது. அப்பா என்னைக் கோரைப்பாய்க்கு மாற்றினார். இழுப்பு தணிந்தது, அந்த வருஷம் வியாபாரமும் தணிந்தது. இலவு காத்த கிளியை ஊரே அறியும். இலவை விற்றவர் பட்ட பாட்டுக்குப் பழமொழி இல்லை.

இதே பழி கடல் கடந்தும் விழுந்திருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இலவம் பஞ்சுக்கு உலகச் சந்தையில் பெயர் கபோக், மலாய்ச் சொல். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு சந்தைக்கு வந்ததில் பெரும்பகுதி ஜாவாவில் விளைந்தது. ஜாவா அப்போது டச்சுக்காரர்கள் வசம். அதனால் மழையும் மூடுபனியுமான நெதர்லாந்தின் படுக்கையறைகளிலும் எங்கள் பஞ்சின் உடன்பிறப்புதான் திணிக்கப்பட்டிருந்தது. 1920களில் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டார்ம் வான் லீவன், ஆஸ்துமாக்காரர்களைச் சுத்தமான காற்று மட்டும் வரும் மூடிய அறையில் தங்கவைத்துப் பார்த்தார். வீட்டில் மூச்சுத் திணறியவர்கள் பலர் அங்கே நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்படியென்றால் வீட்டுக் காற்றில் ஏதோ இருக்கிறது. ஈர வீடுகளில் படரும் பூஞ்சை மீது அவர் சந்தேகம் போனது. கபோக்கும் தப்பவில்லை, தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனைகளின் பட்டியலில் அது நெடுங்காலம் இருந்தது.

1928இல் டெக்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் படுக்கையில் வாழும் சிற்றுண்ணிகளைக் கைகாட்டினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, மறுபடி அதே லைடனில், வோர்ஹோர்ஸ்ட் என்ற மருத்துவரும் உயிரியல் படித்த ஸ்பீக்ஸ்மா தம்பதியும் அந்தக் கேள்வியை எடுத்தார்கள். உலர்ந்த வீட்டுத் தூசியைவிட ஈர வீட்டுத் தூசிக்கு வீரியம் ஏன் அதிகம்? உருப்பெருக்கியில் பார்த்தால் ஈர வீட்டுத் தூசியில் உண்ணிகள் மண்டிக் கிடந்தன. சிலந்திக்குத் தூரத்து உறவு. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நீளம் கிடையாது. நாம் உதிர்க்கும் தோல்செதில்தான் அதற்குச் சோறு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்று பல நாள் தொடர்ந்து காய்ந்தால் வற்றிச் செத்துப்போகும். சுவிட்சர்லாந்தில் 1,560 மீட்டர் உயரத்து டாவோஸுக்குப் போனால் இழுப்பு குறைகிறதே, அதன் மர்மமும் ஓரளவு அவிழ்ந்தது: அந்த வறண்ட மலைக்காற்றில் உண்ணிகள் மிகக் குறைவு. நம்மைத் தும்மவைப்பது முக்கியமாக உண்ணியின் எச்சத்தில் உள்ள புரதம்.

அப்பாவின் துண்டுக் கணக்கு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. புதுப் பஞ்சில் தோல்செதில் ஏது? பத்து வருஷம் ஒரு குடும்பமே புரண்ட மெத்தையில் செதிலும் வியர்வையும் மழைக்கால ஈரமும் இருக்கும். பஞ்சு வெறும் வீடு. குடிவைத்தது நாம்.

அம்மா மெத்தையை மாதம் ஒருமுறையாவது மொட்டைமாடியில் போட்டுப் புரட்டுவாள். பாயைத் தினமும் உதறிச் சுருட்டி நிறுத்திவிடுவாள். நைந்த பாய் போகிக்குப் போய்விடும். இதையெல்லாம் முன்னோர் விஞ்ஞானம் என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை; மூட்டைப்பூச்சிக்குப் பயந்து செய்ததுதான். ஆனாலும் வெயில் வேலை செய்திருக்கிறது. சிட்னியில் தரைவிரிப்புகளை நேர்வெயிலில் காயவைத்து, உண்ணிகள் அத்தனையும் செத்ததை 1994இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு குறை, செத்த பிறகும் எச்சம் அங்கேயே கிடக்கும். அதனால் காயவைத்தால் போதாது, தட்டி உதறவும் வேண்டும். அதை இழுப்புக்காரர் செய்யக்கூடாது. விரிப்பையும் தலையணை உறையையும் 55, 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைத்தால் உண்ணியும் சாகும், எச்சமும் கரைந்து போகும்.

உண்ணி நுழையாத மெத்தை உறை வாங்கினால் தீர்ந்தது என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். 2003இல் 1,122 ஆஸ்துமாக்காரர்களிடம் சோதித்ததில், உறையை மட்டும் மாட்டியதால் நோய் குறையவில்லை.

இப்போது சென்னையில் நான் படுப்பது ஃபோம் மெத்தை. மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம். தலையணைகளை மட்டும் பால்கனிக் கம்பியில் போடுகிறேன். லைடன் கதையைப் போன மாதம் அப்பாவிடம் போனில் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அந்த ஊர்ல வெயிலே கிடையாதா தாயி?"

"ரொம்பக் கம்மிப்பா."

"வெயில் இல்லாத ஊருக்கு எதுக்குப் பஞ்சு வித்தாங்க?" என்றார்.