நவம்பர் 7

நவம்பர் 7 என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் சர் சி. வி. இராமன். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே காலையிலும் மாலையிலும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அப்பதவியை உதறி, குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

அதே 1917இல், நவம்பர் 7 அன்று, ரஷ்யத் தலைநகராகிய பெட்ரோகிராடில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு மாணவனாவது எழுந்து, "நவம்பரில் நடந்ததை அக்டோபர்ப் புரட்சி என்பானேன், ஐயா?" என்று கேட்பான். நல்ல கேள்வி! ரஷ்யர் அந்நாளில் ஜூலியன் நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தனர். அது நம்முடைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியது. அவர்களுக்கு அன்று அக்டோபர் 25.

புரட்சியை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான டிராட்ஸ்கி பிறந்ததும் 1879 நவம்பர் 7தான். அப்படியாயின் ரஷ்யக் கணக்கில் அவர் பிறந்தநாளும் அக்டோபர் 25 ஆகவேண்டுமல்லவா? இல்லை, அக்டோபர் 26! 1900ஐ ஜூலியன் முறை லீப் ஆண்டாகக் கொண்டது. கிரிகோரியன் முறை கொள்ளவில்லை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாளாக இருந்த வேறுபாடு பின்னர் 13 ஆயிற்று.

1867 நவம்பர் 7இல், ரஷ்ய ஆட்சிக்குட்பட்ட வார்சாவில் பிறந்த மேரி கியூரிக்கும் இதே கணக்குத்தான். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. பாரிசுக்குச் சென்று படித்த அவர், 1903இலும் 1911இலும் நோபெல் பரிசு பெற்றார்.

1918இல் புதிய அரசு பழைய நாட்காட்டியைக் கைவிட்டது. ஜனவரி 31 இரவு உறங்கச் சென்ற ரஷ்யர், மறுநாள் கண்விழித்தது பிப்ரவரி 14இல்!