மௌன்ட் லாரல் வழக்கும் நியூ ஜெர்ஸிப் புறநகர்களும்

நியூ ஜெர்ஸியில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, பள்ளிக்கூடம் எப்படி என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஏன் இந்த ஊரில் பெரிய பெரிய மனைகளில் தனித்தனி வீடுகளாகவே இருக்கின்றன, வாடகைக் குடியிருப்புகள் ஏன் நெடுஞ்சாலை ஓரமாக ஒதுங்கியிருக்கின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் எங்கள் ஊரில் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. அதை எதிர்க்கும் மனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களில் ஒரு தமிழரும் இருந்தார். பேச்சில் 'மௌன்ட் லாரல்' என்று பலமுறை சொன்னார். அது ஏதோ சட்டத்தின் பெயர் என்று நினைத்திருந்தார். அது ஓர் ஊரின் பெயர்.

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்து கிழக்கே போனால் பர்லிங்டன் கவுன்டியில் வரும் டவுன்ஷிப் அது. பரப்பு 22 சதுர மைல், அதாவது சுமார் 14,000 ஏக்கர். 1950இல் 2,817 பேர் வாழ்ந்த விவசாய ஊர். நெடுஞ்சாலைகள் வந்தபின் 1970இல் மக்கள்தொகை 11,221 ஆயிற்று. அப்போதும் 65 விழுக்காடு நிலம் காலியாகவோ வயலாகவோதான் கிடந்தது. இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை!

அந்த ஊரின் ஸ்ப்ரிங்வில் பகுதியில் பல தலைமுறைகளாகக் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. கோழிக் கொட்டகைகளை மாற்றியமைத்த இடங்களில்கூடச் சிலர் குடியிருந்தார்கள். தங்களுக்காக 36 அடுக்ககங்கள் கட்ட அனுமதி கேட்டார்கள். நகர நிர்வாகம் மறுத்தது. 1970 அக்டோபரில் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்த மேயர், இவ்வூரில் வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற பொருளில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எதல் லாரன்ஸும் ஒருவர். அவருடைய முன்னோர்கள் அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்கள். 1971இல் தொடரப்பட்ட வழக்கின் முகமாக அவரே ஆனார்.

மறுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது 'ஸோனிங்' எனப்படும் நில வகைப்பிரிப்பு விதி. எந்த நிலத்தில் என்ன கட்டலாம், மனை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று ஊரே வகுத்துக்கொள்வது. மௌன்ட் லாரலின் 1964ஆம் ஆண்டு விதியில் நிறம், இனம், ஏழை, பணக்காரன் என்ற சொல் எதுவும் தேவைப்படவில்லை. எண்களே போதுமாயிருந்தன. குடியிருப்புப் பகுதி எல்லாவற்றிலும் ஒரு மனைக்கு ஒரு தனி வீடுதான். வீடு குறைந்தது 1,100 சதுர அடி. ஒரு பகுதியில் மனை 20,000 சதுர அடிக்குக் குறையக்கூடாது. ஊரின் 29.2 விழுக்காடு நிலம், அதாவது 4,121 ஏக்கர், தொழிற்சாலைகளுக்கு. அதில் உண்மையில் தொழில் நடந்ததோ 100 ஏக்கருக்கு மேல் இல்லை.

என்ன கணக்கு இது? நியூ ஜெர்ஸியில் பள்ளிச் செலவின் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. தொழிற்சாலை வரி கட்டும், பிள்ளையை அனுப்பாது. சிறு வீட்டில் இருப்பவர் குறைவாக வரி கட்டிப் பிள்ளைகளையும் அனுப்புவார். ஆகவே, விசேஷ அனுமதியோடு வந்த அடுக்ககங்களுக்கு இந்த ஊர் போட்ட நிபந்தனை விசித்திரமானது. ஒரு படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கக்கூடாது. சராசரியாக வீட்டுக்கு 0.3 பிள்ளைக்கு மேற்பட்டால் கூடுதல் பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கட்டுநரே கொடுக்கவேண்டும். நான் படித்த சட்ட வாசகங்களில் இதைப்போல் மனத்தில் தைத்தது வேறில்லை.

1975இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஃப்ரெடரிக் ஹால். நிலத்தை வகைப்படுத்தும் அதிகாரம் மாநிலம் கொடுத்தது, எனவே எல்லோருடைய நலனுக்காகவும் அதைப் பயன்படுத்தவேண்டும்; வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தின் தேவையில் நியாயமான பங்கை ஏற்றாகவேண்டும் என்றது தீர்ப்பு. ஊர்கள் அசையவில்லை. மௌன்ட் லாரல் 20 ஏக்கர் அளவில் சில துண்டுகளை ஒதுக்கிவிட்டு ஓய்ந்தது. 1983இல் தலைமை நீதிபதி வைலென்ட்ஸின் நீதிமன்றம் பொறுமையிழந்தது. ஐந்தில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருவாயினருக்குத் தர முன்வரும் கட்டுநர் வழக்குப் போட்டு வென்றால், ஊர் மறுத்தாலும் கட்டலாம் என்று வழி செய்தது. அதன்பிறகே ஊர்கள் பயந்தன.

1985இல் சட்டமன்றம் இதற்கென ஒரு வாரியம் அமைத்தது. கூடவே ஒரு சன்னலையும் திறந்து வைத்தது: தன் பங்கில் பாதி வரை பணம் கொடுத்து வேறோர் ஊரின் தலையில் கட்டிவிடலாம். புறநகர்கள் பணத்தை ஏழை நகரங்களுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவின. 2008இல்தான் இது ஒழிந்தது. வாரியமும் செயலற்றுப்போய், 2015இல் பொறுப்பு மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. 2024இல் புதிய சட்டம் வாரியத்தைக் கலைத்தது. 2025 நடுப்பகுதியில் தொடங்கிய நான்காம் சுற்று பத்தாண்டுகளுக்கானது.

எதல் லாரன்ஸ் 1994இல் மறைந்தார். மௌன்ட் லாரலில் அவர் பெயரிலான குடியிருப்புக்கு 1997இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய கூட்டங்களில் குற்றம் பெருகும், வீட்டு விலை விழும் என்று கூச்சல். இரு கட்டங்களாக 140 வீடுகள் எழுந்தன. சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி குழுவினர் அதை ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டார்கள். குற்றம், வீட்டு விலை, வரி மூன்றிலும் அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒப்பிட எந்தப் பாதிப்பும் தெரியவில்லை.

கையெழுத்துக் கேட்டு வந்த நண்பருக்குத் தேநீர் கொடுத்து இவ்வளவையும் சொன்னேன். அவருக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கும்தான். 0.3 என்ற இடத்தில் சிரித்தார். "அது அபார்ட்மென்டுக்குத்தானே சார்," என்றார். நாங்கள் இருவரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அபார்ட்மென்டில்தான் இருந்தோம்.