வித்தையில் பாதி வாய்

செப்பு என்றால் சிறு கிண்ணம். செப்புகளைக் கவிழ்த்து வைத்து, அடியிலே உள்ள பந்தை மறைத்தும் வரவழைத்தும் காட்டுவது செப்படி வித்தை. அதைக் காட்டுகிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டான். "பாருங்க ஐயா, நல்லா பாருங்க!" என்று பேசிக்கொண்டே இருப்பான். நம் கண் அவன் பேச்சின் பின்னாலே போகும். அந்த நேரத்தில் கை தன் வேலையை முடித்துவிடும். வித்தையில் பாதி கை, பாதி வாய்.

இந்த வித்தையை மேல்நாட்டுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் தென்னாட்டு ராமசாமி. ஆங்கிலேயர் அவரை 'ராமோ சாமி' என்றார்கள். லண்டனில் பேர் வாங்கி, 1819-இல் அமெரிக்காவிலும் வித்தை காட்டிய அவர், 1850-இல் லண்டனில் காலமானார். இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் எனும் ஆங்கில எழுத்தாளரின் கட்டுரை ஒன்று 1821-இல் வெளிவந்தது. பாராளுமன்றத்தில் பெரிய மனிதர்கள் திக்கித் திணறிப் பேசுவதைக் கேட்டு அவர் அசரவில்லையாம். இந்த வித்தைக்காரர்களின் கைத்திறனைக் கண்டுதான் தம்மை நினைத்து வெட்கப்பட்டாராம். குழந்தைப் பருவம் முதல் விடாமல் செய்த பயிற்சியே அந்தத் திறன் என்பதையும் அவர் கண்டுகொண்டார்.

ராமசாமி போய்வந்த அதே அமெரிக்காவில், நூறாண்டுக்குப் பிறகு, நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் என்ற சிற்றூரில் ஜானி கார்சன் என்ற பையன் வளர்ந்தான். 12 வயதில் அஞ்சல்வழி வித்தைச் சாமான்களை வரவழைத்தான். 14 வயதில் 'மகா கார்சோனி' என்று பேர் வைத்துக்கொண்டு மேடையேறினான். ஒரு காட்சிக்குக் கூலி 3 டாலர்! பழகினால் கூச்ச சுபாவம் என்று சொல்லப்பட்ட அதே மனிதர், 1962 முதல் 1992 வரை 30 ஆண்டுகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் முன்னே பேசினார்.

காரணம் என்ன? வெறுங்கையோடு நிற்கிற பிள்ளையை எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள், பயம் வருகிறது. கையிலே காசு இருந்தால் பார்வை காசுக்குப் போகிறது. அதோடு, பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய பிள்ளை, அன்றைக்கு மட்டும் கேள்வி கேட்கிறது!

ஒரு பழைய வித்தை: காசைக் கைக்குட்டையால் மூடிப் பிடிக்கவேண்டும். "காசு இருக்கா?" என்று கேட்டு, அடியிலே ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். கடைசியாகத் தொடுகிறவன் நம்ம கூட்டாளி; காசு அவன் கையோடு போய்விடும். கைக்குட்டையை உதறினால் காசைக் காணோம்! இதற்குக் கைத்திறன் வேண்டாம். நிமிர்ந்து நிற்கவும், கண்ணைப் பார்க்கவும், உரக்கப் பேசவும், எங்கே நிறுத்துவது என்று அறியவும் வேண்டும். பேச்சுப் போட்டிக்கு வேண்டியதும் இவைதானே!

தமிழ்ப்பள்ளியில் கெட்டிக்காரனாக இருந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கடைசி வரிசையில் ஊமையாக உட்கார்ந்துவிடுவது நாம் காணாததா? பெற்றோர்களே, வேலை முடிந்து வந்து களைத்திருக்கும் மாலையிலே பிள்ளை காசும் கைக்குட்டையுமாக முன்னால் வந்து நின்றால், "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். அதுவும் படிப்புதான்.