உடைமையும் உரிமமும்

பணியின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, இக்குடியிருப்பு வீடுகளில் வாழும் நம் போன்றோர்க்கு மாற்றல் ஆணை வருந்தோறும் ஒரு கவலை உண்டு. கட்டிலை விற்றுவிடலாம், அம்மியையும் ஆட்டுக்கல்லையும் அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிடலாம், நூல்களை என் செய்வது என்பதே அக்கவலை. சென்ற ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த அன்பர்கள் இருவர். மூத்தவர் இரண்டு தகரப் பெட்டி நிறைய நூல்களை நம் சங்க நூலகத்துக்கு அளித்துச் சென்றார். இளையவரிடம் அவரினும் மிகுதியான நூல்கள் இருந்தன. அனைத்தும் விலை கொடுத்துப் பதிவிறக்கிய மின்னூல்கள். தாமும் அங்ஙனமே அளிக்க விழைந்து, விற்றவர்களின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தார். "இந்நூல்கள் தங்களுக்கு விற்கப்படவில்லை, படிக்க உரிமம் மட்டுமே தரப்பட்டுள்ளது, பிறர்க்கு மாற்றித் தரல் ஆகாது" என்னும் பொருள்பட எழுதியிருந்தது. "காசு கொடுத்தேனே, ஐயா!" என்றார் அவர். அவ்வினாவுக்கு விடை தேடிப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

விற்ற பொருளின்மேல் விற்றவன் பிடியை விடாதிருக்க முயல்வது இன்று தோன்றிய பழக்கமன்று. அமெரிக்க நாட்டில் 1904-ஆம் ஆண்டு 'தி காஸ்டவே' என்னும் புதினத்தைப் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகத்தார் வெளியிட்டனர். நூலின் விலை ஒரு டாலர் என்றும், அதனிற் குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறிய குற்றமாகக் கருதப்படும் என்றும் நூலுக்குள்ளேயே அச்சிட்டனர். நியூயார்க் நகரத்து மேசி பேரங்காடியினர் அதனைப் பொருட்படுத்தாது 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1908 ஜூன் முதல் நாள் தீர்ப்பு வந்தது: ஒரு படியை ஒருமுறை விற்றபின், அதன் அடுத்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளர்க்கு இல்லை. மறு ஆண்டே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இக்கருத்து இடம் பெற்றது. (மேசி அங்காடியின் உரிமையாளருள் ஒருவராகிய இசிடார் ஸ்ட்ராஸ் என்பார் 1912-இல் டைட்டானிக் கப்பலோடு கடலில் மறைந்தவர். வழக்கிற் பெற்ற வெற்றியால் இன்று அவரை நினைப்பவர் சிலரே.)

இத்தீர்ப்பு விலைச் சண்டையொன்றை முடித்ததோடு நின்றுவிடவில்லை. பழைய புத்தகக் கடையும் இரவல் நூலகமும் நிற்பது இத்தகைய நெறியின்மீதே. இந்திய நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், முன்னரே புழக்கத்துக்கு வந்துவிட்ட படிகளை, வெளியிடும் உரிமையின் எல்லைக்குப் புறத்தே வைத்திருக்கிறது. சென்னை மூர் மார்க்கெட்டிலும் தில்லித் தரியாகஞ்சிலும் பழைய நூல்களை அள்ளி வந்தவர் நம்முள் பலர். வாங்கும்போது எந்தப் பதிப்பாளரிடமும் நாம் இசைவு கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

கணிப்பொறியின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. முதலில் விற்பனை, பின்னர் வாடகை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் வாடகையே முந்தியது. ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பொறிகளை நெடுங்காலம் விற்கவே இல்லை. மாத வாடகைக்கே விட்டு வந்தனர். 1956-இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின் பின்னரே, விரும்பியோர்க்கு விற்கவும் வேண்டியதாயிற்று. மென்பொருளோ பொறியோடு சேர்த்து வழங்கப்பட்ட இணைப்பாகவே இருந்தது. 1969-இல் அந்நிறுவனம் அதனைப் பிரித்துத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக வளர்ந்ததற்கு அது பெருங்காரணம் எனலாம்.

1980-களில் வீட்டுக் கணிப்பொறிகள் பரவியபோது, மென்பொருள் அட்டைப் பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்தது. உள்ளே வட்டும் கையேடும், யாரும் படியாத துண்டுத் தாளொன்றும் இருந்தன. உறையைப் பிரித்தாலே நிபந்தனைகளுக்கு உடன்பட்டதாகும் என்றும், இஃது உரிமமேயன்றி விற்பனையன்று என்றும் அத்தாள் கூறியது. வாங்கியவர் பெட்டியைப் பத்திரப்படுத்தித் தாளை எறிந்தார். பெட்டியினும் தாளே வலிதாயிற்று என்பது பின்னரே தெரிந்தது.

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளின் பழைய படிகளை ஒருவர் அமெரிக்காவில் வாங்கி மறுவிற்பனை செய்தார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2010-இல் மேன்முறையீட்டு நீதிமன்றமோ, முதலில் பெற்றவர்கள் உரிமம் பெற்றோரேயன்றி உடைமையாளர் அல்லர். ஆகவே மறுவிற்பனை செல்லாது என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல், காலவரையின்றி விலைக்குக் கொடுத்த மென்பொருளை, பதிவிறக்கியதாயினும் மறுவிற்பனை செய்யலாம் என்று கூறியது. அதே நீதிமன்றம் 2019-இல் மின்னூலுக்கு அந்நெறி பொருந்தாது என்றும் கூறிவிட்டது. நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2004-இல் வட்டில் பதிந்து விற்கப்படும் மென்பொருள் 'சரக்கே' என்று தீர்த்தது. 2021-இல், அயல்நாட்டு மென்பொருளுக்கு இங்குள்ளோர் செலுத்தும் தொகை படிக்குரிய விலையே, பதிப்புரிமைக்கான உரிமைத்தொகையன்று என்றது. இரண்டும் வரி வழக்குகள். வாங்கியவரின் உரிமையை நாடி எழுந்தவை அல்ல. ஆயினும், காசு கொடுத்தவர் ஒரு படியைப் பெறுகிறார் என்னும் எளிய உண்மையை நம் நீதிபதிகள் மறந்துவிடவில்லை.

நீதிமன்றங்கள் இங்ஙனம் ஆராய்ந்துகொண்டிருக்க, வணிகம் காத்திருக்கவில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனத்தார், விற்க உரிமையில்லாத ஒருவர் வெளியிட்டது என்ற காரணத்தால், மின்னூல் ஒன்றைத் தம்மிடம் வாங்கியோரின் கருவிகளிலிருந்து அவர்கள் அறியாமலே அழித்தனர். அழிந்தது, அரசு பழைய ஏடுகளை அழித்துத் திருத்தும் கொடுமையைச் சொல்லும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! கற்பனையாளன்கூட இத்துணைப் பொருத்தத்தை எழுதத் துணியான். விலை திருப்பித் தரப்பட்டது; நிறுவனத் தலைவர் வெளிப்படையாக வருத்தமும் தெரிவித்தார். ஆயினும், நூலோடு தான் எழுதிய குறிப்புகளும் பயனற்றுப் போயின என்று மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நூலின் ஓரத்தில் எழுதிப் படிப்பவர்க்கு அவ்விழப்பின் அளவு தெரியும். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் யாவும் மறைந்தன. பணம் மட்டும் திரும்பி வந்தது.

வட்டு கையில் இருந்தால் போதும் என்பதும் இன்று உறுதியன்று. 2014-இல் வட்டாகவும் விற்கப்பட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, நிறுவனத்தின் வழங்கியோடு தொடர்பு கொண்டாலன்றி இயங்காதது. 2024 மார்ச் 31-இல் அவ்வழங்கியை நிறுத்தினர். வட்டு அலமாரியில் இருக்கிறது, விளையாட்டு இல்லை. அவ்வாண்டே கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வெறும் உரிமத்தை விற்போர் அதனைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லை இடலாகாது என்னும் அச்சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வினைச்சொல்லைக் காக்கச் சட்டம் வேண்டியதாயிற்று!

சந்தா முறை இதன் அடுத்த படி. அடோபி நிறுவனத்தார் 2013-இலும், ஆட்டோடெஸ்க் நிறுவனத்தார் 2016-இலும் புதியனவற்றை நிலையான உரிமமாக விற்பதை விடுத்துச் சந்தாவுக்குத் திரும்பினர். வரைபடப் பணி செய்யும் நம் குடியிருப்பு அன்பர்க்கு இதன் பொருள் நன்கு தெரியும். வரைந்தது அவர் கை. பத்தாண்டு கழித்து அதனைத் திருத்த வேண்டுமெனில், அன்றைக்கும் சந்தா செலுத்தியாதல் வேண்டும். சந்தாவில் நன்மை இல்லாமலும் இல்லை. மொத்த விலைக்கு வழியற்றவர் சில மாதங்கள் மட்டும் செலுத்தி வேலையை முடித்துக்கொள்ளலாம். புதுத் திருத்தங்களும் தாமே வந்து சேரும். ஐ.பி.எம். வாடகையை அக்காலத்தார் பலர் விரும்பியதும் இக்காரணங்களாலேயே.

தாளும் வட்டும் அழிவற்றவை அல்ல. மழைக்காலத்தில் பூசணம் பூத்த ஒலிநாடாக்களையும், கறையான் அரித்த தொகுதிகளையும் நாம் வெளியே எறிந்ததுண்டு. ஆகவே பூசல் தாளுக்கும் மின்னுக்கும் இடையே அன்று. பாரதியார் பாடல்களின் பதிப்புரிமையைச் சென்னை அரசு 1949-இல் வாங்கியது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. இன்று யாரும் அச்சிடலாம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, பல நாடுகளில் வாழும் தமிழ் அன்பர்கள் கூடி மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் பணியைத் தொடங்கினர். அவர்கள் தட்டெழுதித் தந்த பழந்தமிழ் நூல்கள் மின்வடிவினவே. ஆயினும் எவரும் இறக்கிக்கொள்ளலாம், பிறர்க்கு வழங்கலாம், பெயரனுக்கு விட்டுச் செல்லலாம். பூட்டு இல்லை, வழங்கியை மூடினாலும் நம் படி நம்மிடமே இருக்கும்.

மாற்றலாகிச் சென்ற இளைய அன்பர், தம் நூல்களைக் கொடுக்க இயலாமையால், அவற்றுள் பன்னிரண்டை அச்சுப் படியாக மீண்டும் வாங்கி நம் நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஒரே நூலுக்கு இருமுறை விலை கொடுத்தவர் அவர். அவை மூத்தவர் தந்த நூல்களுக்குப் பக்கத்தில், இரண்டாம் அலமாரியின் மேல் தட்டில் உள்ளன. ஞாயிறுதோறும் மாலை நான்கு முதல் ஆறு மணி வரை இரவல் பெறலாம்.