ஆசிரியர் தகுதித் தேர்வில் உளவியல்

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 23.8.2010 அன்று அறிவித்தது. இதன் ஒவ்வொரு தாளிலும் உள்ள 150 வினாக்களில் 30 குழந்தை உளவியலும் கற்பித்தலும் பற்றியவை.

தமிழ்நாட்டில் முதல் தேர்வு 12.7.2012 அன்று நடைபெற்றது. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டது. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. அக்டோபரில் நடந்த மறுதேர்வில் நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது.

பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகள் இப்பகுதியின் முக்கியப் பாடம். பாம்பன் கரையில் குவித்த நெத்திலியைப் பரப்பிக் காயவைத்தால் மீன் கூடிவிட்டதாக நான்கு வயதுக் குழந்தை எண்ணலாம். ஏழு வயதுக்கு மேல் அளவு மாறவில்லை என்று உணரும். இப்படிநிலையின் பெயரைக் கொள்குறி வினா சோதிக்கும். வகுப்பறையிலோ, அந்தக் குழந்தைக்குக் கணக்கை எப்படிச் சொல்வது என்பதே ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருப்போரும் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் வெல்ல வேண்டும். இதனால், பல்லாண்டு கற்பித்தவர்களும் மீண்டும் உளவியல் நூலைத் திறக்க நேர்ந்தது.