பல்லைக் கரைக்கும் கோலா: ஒரு கதையின் பூர்வீகம்

விழுந்த பல்லை ராத்திரி ஒரு டம்ளர் கோலாவில் போட்டு வை, காலையில் காணாமல் போயிருக்கும். இதைக் கேட்காதவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுகிறது. இது எங்கே பிறந்தது என்று தேடிப் போனேன். தேடல் போய் நின்ற இடம் 1950, அமெரிக்க நாடாளுமன்றம்.

உணவில் சேர்க்கும் ரசாயனங்களை விசாரிக்க ஜேம்ஸ் டெலானி தலைமையில் ஒரு குழு இருந்தது. அதன் முன் சாட்சி சொன்னவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் கிளைவ் மெக்கே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படைக்காக ஆராய்ச்சி செய்தவர். மாலுமிகள் குடிக்கும் கோலாவில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனவருக்கு, அதிலிருந்த பாஸ்பாரிக் அமிலத்தின் அளவு ஆச்சரியமாக இருந்ததாம். மனிதப் பற்களைக் கோலாவில் ஊறப்போட்டார்கள். சீக்கிரமே அவை மெத்தென்று ஆகிக் கரையத் தொடங்கின. புளிப்பு ஏறக்குறைய வினிகர் அளவு, சர்க்கரைதான் அதை மறைக்கிறது என்றார் மெக்கே. 'ஒரே ராத்திரியில்' என்பதெல்லாம் பின்னால் நம்ம ஆட்கள் சேர்த்த மசாலா.

கம்பெனித் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சிலும்தான் அமிலம் இருக்கிறது, டம்ளரில் உமிழ்நீர் கிடையாதே என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை உண்டு. பல் எனாமல் பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும். கோலாவின் பி.எச். 2.5 பக்கம். இது மடக்கை அளவுகோல். மூன்று புள்ளி வித்தியாசம் என்றால் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு. ஆனால் வாயில் உமிழ்நீர் அதைக் கழுவி, சமன் செய்துவிடுகிறது. போதாததற்குச் சர்க்கரை வேறு. 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் இதை அளந்து காட்டினார். சர்க்கரை பட்ட சில நிமிடத்தில் பல் மேலுள்ள கிருமிப் படலத்தின் பி.எச். சடாரென்று விழுகிறது, மீண்டு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கிறது.

ஆகவே கேள்வி 'எவ்வளவு குடிக்கிறோம்' என்பது மட்டுமல்ல, 'எத்தனை தடவை' என்பதும்தான். ஸ்வீடனின் விபெஹோல்ம் ஆய்வும் (1945–1955) இதையே சொன்னது. உணவோடு சேர்ந்த இனிப்பைவிட, இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாய்தான் பற்களை அதிகம் சொத்தையாக்கியது. அந்த உண்மைக்கு விலை கொடுத்தவர்கள், சம்மதம் கேட்கப்படாத மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள்.

பல் மருத்துவ மாணவர்களுக்கு இதெல்லாம் பாடம். ஸ்டீபன் வரைகோட்டைப் பரீட்சையில் படமே போட்டுக் காட்டுவார்கள். பல் டாக்டருக்குப் படிக்கும் என் அக்கா மகளிடம், "உங்க ஹாஸ்டல்ல கோலா குடிக்கிறது உண்டா?" என்று கேட்டேன். "பரீட்சை சமயத்துல ஒரு பாட்டில் வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க சிப் பண்ணுவோம் மாமா" என்றாள். வரைகோடு மேலே ஏற நேரமே கொடுக்காத முறை அது!

அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கண் விழிக்கக் காபீனும் இனிப்பும் தேவைப்படுகிற வாழ்க்கை என் வேலையிலும் உண்டு. ஆனால் நாளைக்கு நோயாளிக்கு ஆலோசனை சொல்லப்போவது அவள்தான். டம்ளரில் கரையும் பல்லைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். கேட்பவர் மறுநாளே மறந்துவிடுவார். அதைவிட இதைச் சொல்லலாம்: குடித்தே ஆகவேண்டும் என்றால் சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்து முடியுங்கள், தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள், மென்மையாகியிருக்கும் எனாமலை உடனே பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்.